கோடை முடிவில் களைத்துப்போன செடிகள்: பிடுங்குவதா, வெட்டிவிடுவதா, உரம் போடுவதா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. தக்காளி பூக்கிறது, ஆனால் பூவெல்லாம் உதிர்கிறது; கத்தரி வெளுத்துப்போய் நிற்கிறது; வெள்ளரிக் கொடி கருகிவிட்டது; மிளகாயில் நுனி இலை சுருள்கிறது. இவற்றை உரம் போட்டுத் தேற்றுவதா, பிடுங்கிவிட்டு அடுத்த பருவத்துக்கு விதைப்பதா என்பது ஒன்று. பழைய தொட்டி மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா என்பது இரண்டாவது. வீட்டைச் சுற்றி இந்த நேரத்தில் வேறு என்ன வேலை பார்த்துவைக்க வேண்டும் என்பது மூன்றாவது. இடையில் தக்காளிக் காயின் அடி கறுப்பது பற்றியும், முட்டை ஓடு முதல் வேப்ப எண்ணெய்வரை வீட்டு வைத்தியங்கள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள்தான் கைவசம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்பதைத்தான். அடுத்து வருவது மழையா, உறைபனியா என்பதைப் பொறுத்துச் சில முடிவுகள் மாறும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர், அடுத்து வேர், அதற்கப்புறம் கத்தரிக்கோல், கடைசியில்தான் உரம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். செடி வாடி வெளுத்ததைப் பார்த்ததும் கை உரப் பைக்குத்தான் போகிறது. கோடை முழுக்கக் காய்வதும் நனைவதுமாக இருந்த தொட்டியில் ஏற்கெனவே உப்பு சேர்ந்திருக்கும். அதில் மேற்கொண்டு உரம் கரைந்தால் வேர் தண்ணீரை உறிஞ்சுவது இன்னும் கடினமாகும், வேர்நுனி கருகும், சில நாளில் இலை ஓரம் பழுப்பாகக் காய்ந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுச் சத்து போதவில்லை என்று மறுபடியும் உரம் போடுவார்கள். கடும் வெயிலில் செடி வளர்ச்சியை நிறுத்திவைப்பது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. புதுத் துளிர் வரத் தொடங்கினால்தான் அது சாப்பிடத் தயார் என்று அர்த்தம். அதுவரை உரப் பை மூடியே இருக்கட்டும்.

தண்ணீரை எப்படிச் சோதிப்பது? மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம், அதாவது சுமார் 5 செ.மீ., விட்டுப் பாருங்கள். மேலே ஈரமாகவும் உள்ளே புழுதியாகவும் இருந்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீர் வேருக்குப் போய்ச் சேரவில்லை. தொட்டியில் இது அடிக்கடி நடக்கும். மண் சுருங்கி, தொட்டியின் உள்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்திருக்கும். ஊற்றிய தண்ணீர் அந்த இடைவெளி வழியே இறங்கி அரை நிமிடத்தில் அடித்துளையில் ஒழுகும். பார்ப்பவருக்கு நன்றாக நனைந்ததுபோலத் தோன்றும், நடுவிலுள்ள வேர்க்கட்டு மட்டும் காய்ந்தே கிடக்கும். முழுக்கக் காய்ந்துபோன தொட்டிக் கலவை தண்ணீரை ஏற்காமல் தள்ளிவிடும் என்பதால் மேலே மேலே ஊற்றிப் பயனில்லை. சின்னத் தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் விளிம்புவரை இறக்கிவையுங்கள். குமிழி வருவது நின்றதும், பெரும்பாலும் அரை மணி நேரத்தில், எடுத்து வடியவிடுங்கள். தூக்க முடியாத தொட்டியா? மேல்மண்ணைக் குச்சியால் கொத்தி, சுவரோர இடைவெளியைக் கலவை போட்டு அடைத்து, பூவாளியால் கொஞ்சம் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். மூன்று நான்கு சுற்றில் இறங்கிவிடும். நனைந்த தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து அதன் கனத்தைக் கை பழகிக்கொண்டால், பிறகு விரலை விட்டுப் பார்க்கவே தேவையிருக்காது.

தரையில் உள்ள பாத்திக்கு ஒரு கணக்கு உண்டு. மழை இல்லாத வாரத்தில் 25 மி.மீ. அளவு தண்ணீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். இதைத் தினமும் மூன்று நான்கு லிட்டராகத் தெளிக்காமல் இரண்டு தவணையில் கொடுங்கள். மணற்பாங்கான மண்ணாக இருந்தால் மூன்று தவணை. ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துக் கைக்கரண்டியால் தோண்டிப் பார்த்தால் 15 செ.மீ. ஆழத்திலாவது ஈரம் இருக்க வேண்டும். வெயில் உச்சத்தில் பூசணி இலை தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் அதற்கு ஒன்றுமில்லை. காலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் தண்ணீர் தேவை. மண் ஈரமாக இருந்தும் காலையில் தொங்கினால் விஷயம் வேறு: வேர் அழுகல் அல்லது வாடல் நோய். அதற்கு இன்னும் தண்ணீர் ஊற்றுவது செடியைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் வழி.

தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் தண்ணீரிலும் உரத்திலும் இருந்து வந்த உப்புதான். மேல் 2 செ.மீ. மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். 10 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர். கீழே தட்டு இருந்தால் வடிந்த தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கழுவிய உப்பு மறுபடி மேலேறும். முடிந்தால் மழைத் தண்ணீர் நல்லது. அடியில் கூழாங்கல் போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்பது எல்லோரும் சொல்வது, ஆனால் தவறு. நுண்ணிய கலவையிலிருந்து பெரிய கல் அடுக்குக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும். அதாவது, கல் போட்ட அளவுக்கு வேருக்கான இடம்தான் குறைகிறது. துளை பெரிதாக இருந்தால் ஒரு துண்டு வலையை வையுங்கள், அது போதும்.

இனி ஒவ்வொரு செடியாக. தக்காளியில் பூ உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் சத்துக் குறைவு அல்ல. பகல் வெப்பம் 35 டிகிரியை ஒட்டியும் இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலும் போகத் தொடங்கினால் மகரந்தம் கெட்டுவிடும். கருத்தரிக்காத பூ காம்போடு விழும். எந்த டானிக்கும் இதை மாற்றாது. இரவு குளிரத் தொடங்கியதும் தானாகக் காய் பிடிக்கும். அதேபோல 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். நிறம் லேசாக மாறத் தொடங்கிய பழத்தைப் பறித்து, வெயில் படாத, 20 முதல் 25 டிகிரி இருக்கும் இடத்தில் வைத்தால் செடியில் விட்டதைவிட நன்றாகச் சிவக்கும். ஜன்னல் வெயிலில் வைக்க வேண்டியதில்லை. அடியில் கறுப்பாகத் தோல்போல அமுங்கியிருக்கும் காய்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பூநுனி அழுகல்; காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் வரும், ஏனென்றால் அதைத் தூக்கிச் செல்வது தண்ணீர். ஒரு நாள் காய்வதும் மறுநாள் வெள்ளமுமாக இருந்தால் காய்க்குப் பங்கு கிடைக்காது. ஈரத்தைச் சீராக வைத்தாலே அடுத்து பிடிக்கும் காய்கள் நன்றாக வரும்.

தக்காளிச் செடியையே வைத்துக்கொள்வதா என்பது அதன் வகையைப் பொறுத்தது. ஓர் உயரத்தில் நின்று ஒரே மூச்சில் காய்த்து ஓயும் குட்டை வகை என்றால் அதன் வேலை முடிந்தது, எடுத்துவிடுங்கள். நுனி வளர்ந்துகொண்டே போகும் கொடி வகையாக இருந்து, தண்டு பச்சையாகவும் நுனி நோயில்லாமலும் இருந்தால் இரண்டு வழி உண்டு. கீழேயுள்ள காய்ந்த இலைகளை எடுத்துவிட்டு அப்படியே விடலாம். அல்லது 10 முதல் 15 செ.மீ. நீளப் பக்கக் கிளைகளை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, நிழலில் ஈரமான கலவையில் ஊன்றலாம். ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். விதையிலிருந்து வருவதைவிட ஒரு மாதமாவது மிச்சம். தாய்ச்செடியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதால் தேமல், புள்ளி, சுருட்டை உள்ள செடியிலிருந்து எடுக்கக் கூடாது. உறைபனி வரும் இடத்தில் இன்னும் ஆறேழு வாரமே இருக்கிறது என்றால், புதுச் செடியெல்லாம் வீண். இருக்கும் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, பூக்களையும் எடுத்துவிடுங்கள், உள்ள காய்களாவது முற்றும்.

கத்தரிதான் மறுவாழ்வுக்கு மிகவும் ஏற்ற செடி. மிளகாயும் அப்படியே. உறைபனி தீண்டாவிட்டால் இரண்டும் ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கக்கூடியவை. கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிக் குறைப்பதற்கு, முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் செய்யாதீர்கள். வெப்பம் தணிந்து இரண்டு மூன்று நாள் ஆகட்டும். கத்தரியை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைக்கலாம். மிளகாயில் மூன்றில் ஒரு பங்கு போதும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை செ.மீ. மேலே, தண்ணீர் தேங்காதபடி சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். எல்லா இலையையும் மொட்டையடித்துவிடக் கூடாது. கிளைக்குச் சில நல்ல இலைகளாவது இருந்தால் செடி சீக்கிரம் எழும். உள்தண்டும் வெயிலில் வெந்துபோகாது. நுனித் தண்டு வாடித் தொங்கினால் அதைப் பிளந்து பாருங்கள், உள்ளே புழு இருந்தால் தண்டுத் துளைப்பான். அந்த நுனிகளைப் புழு இல்லாத இடம்வரை வெட்டி அழித்துவிடுங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலால் துடைப்பது நல்ல பழக்கம். பத்துப் பதினைந்து நாளில் துளிர் விரல் நீளம் வந்ததும் தொட்டிக்கு இரண்டு மூன்று கைப்பிடி நன்கு மட்கிய உரம் அல்லது மண்புழு உரம் போட்டுக் கிளறிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். வெட்டியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் காய் வரும் என்று எதிர்பார்க்கலாம். அதற்குள் உறைபனி வந்துவிடும் என்றால் கத்தரியைக் கைவிடுங்கள். மிளகாயைத் தொட்டியோடு வீட்டுக்குள் வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

வெள்ளரி, சுரை, பீர்க்கு வகையில் அடி இலைகள் கருகி, மேலே சாம்பல் பூத்து, நுனியும் நின்றுவிட்டால் தேற்றப் பார்க்காதீர்கள். அவை குறுகிய ஆயுள் செடிகள், ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் புதிதாக விதைத்ததே காய்க்கத் தொடங்கிவிடும். அவரை, பீன்ஸ் ஓய்ந்திருந்தால் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடலாம். இதனால் மண்ணுக்கு நிறையத் தழைச்சத்து கிடைக்கும் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. காய் முற்றும்போது அந்தச் சத்தில் பெரும்பகுதி விதைக்குப் போய்விடுகிறது. வேரில் மிஞ்சுவது கொஞ்சமே. வேர் மட்கும்போது மண் பொலபொலப்பாவது மட்டும் நிச்சயம்.

பிடுங்கும்போது அவசரப்பட்டு வேரை உதறிவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த ஒரு நிமிடம் அடுத்த பருவத்தையே தீர்மானிக்கும். வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வெள்ளையாக, கிளைகிளையாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தால் அழுகல். வேர் நெடுக மணிமணியாக வீங்கி, வேரே தடித்துத் திருகியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு, அதாவது வேருக்குள் வாழும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் புழு. அவரைக் குடும்பச் செடிகளில் இயல்பாகவே முடிச்சு இருக்கும் என்பதால் குழப்பம் வரலாம். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழுவின் முடிச்சு வேரின் உடம்பிலேயே உண்டான வீக்கம், உதிராது. கத்தரி, தக்காளி வெளுத்துக் குன்றி நிற்பதற்கும் உரத்துக்கு மசியாமல் இருப்பதற்கும் இது முக்கியக் காரணங்களில் ஒன்று.

நூற்புழு இருந்த தரைப் பாத்திக்கு வெயிலையே மருந்தாக்கலாம், ஆனால் இன்னும் நாலு முதல் ஆறு வாரம் நல்ல வெயில் மிச்சம் இருந்தால் மட்டும். பாத்தியைக் கொத்திக் கட்டி உடைத்துச் சமமாக்கி, ஓரடி ஆழம்வரை ஈரமாகும்படி நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் கனமுள்ள நிறமற்ற பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதைத்துவிட வேண்டும். கறுப்புத் தாள் இதற்கு அவ்வளவாக உதவாது, சூடு தாளோடே நின்றுவிடும். மேல் 15 செ.மீ. மண்ணில் களை விதைகளும் பல பூஞ்சைகளும் ஒழியும். நூற்புழு விஷயத்தில் பலன் அரைகுறைதான்: ஆழத்தில் ஒளிந்தவை சில மாதத்தில் மேலே வந்துவிடும். ஒரு பருவத்துக்குத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு மண்ணை ஆழமாகக் கொத்தினால் கீழே உள்ளதை மேலே கொண்டுவந்ததாகிவிடும், எனவே மேலோட்டமாகக் கிளறி விதையுங்கள்.

தொட்டி மண்ணை மறுபடி பயன்படுத்தலாம், தாராளமாக. வேரில் மேலே சொன்ன கோளாறு எதுவும் இல்லாவிட்டால் தூக்கிப்போட ஒரு காரணமும் இல்லை. ஒரு தாளில் கொட்டி, தடித்த வேர்களை எடுத்து, கட்டிகளை உடைத்து, முக்கால் பங்கு பழைய கலவைக்குக் கால் பங்கு மட்கிய உரம் சேருங்கள். அமுங்கி இறுகிப்போயிருந்தால் தென்னை நார்த்தூளோ பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளோ இன்னும் ஒரு கால் பங்கு. கொட்டும்முன் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். தொட்டிக் கலவைத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் கிருமி இருக்க வாய்ப்புண்டு. முதியவர்களும் நுரையீரல் நோய் உள்ளவர்களும் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது. நூற்புழுவோ அழுகலோ இருந்த கலவை கொஞ்சமாக இருந்தால், ஈரமாக்கி, நிறமற்ற பையில் போட்டு, பலகை மேல் வெயிலில் வைத்து, இன்னொரு நிறமற்ற தாளால் மூடுங்கள். பையின் நடுவில் வெப்பமானி 70 டிகிரியை அரை மணி நேரமோ 60 டிகிரியை ஒரு மணி நேரமோ காட்டினால் போதும். வெப்பமானி இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்வதானால் அந்த மண்ணைப் பூச்செடிக்கு வைத்துக்கொள்ளாமல் தூர எறிவதே மேல். எப்படியிருந்தாலும் தக்காளி, கத்தரி, மிளகாய் நின்ற மண்ணில் மறுபடி அதே குடும்பத்தை வைக்காதீர்கள். கீரை, முள்ளங்கி, பீன்ஸ் என்று மாற்றுங்கள்.

வீட்டு வைத்தியங்கள் பற்றி நீங்கள் கேட்ட பட்டியலைச் சீக்கிரம் பார்த்துவிடுவோம். முட்டை ஓடு கெடுதல் இல்லை, ஆனால் கரைய மாதங்கள் முதல் வருடங்கள்வரை ஆகும். இந்தக் காய்க்கு உதவாது. எப்சம் உப்பு மெக்னீசியக் குறை இருந்தால் மட்டும் பயன்படும்: முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். அதுவே இளம் இலையில் வந்தால் இரும்புக் குறை, பெரும்பாலும் மண்ணின் காரத்தன்மையால். காரணம் தெரியாமல் போட்டால் உப்பு கூடுவதுதான் மிச்சம். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரில் கொஞ்சம் சாம்பல்சத்து இருக்கும், கொசுவும் ஈயும் கூடவே வரும்; தோலை மட்குக் குழியில் போடுங்கள். வேப்ப எண்ணெய் விஷயத்தில் நம்பிக்கை அளவோடு இருக்கட்டும். இளம் பூச்சிகளையும் குஞ்சுகளையும் அடக்கும், வளர்ந்தவற்றை உடனே கொல்லாது. லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெய், அது கரைய 1 அல்லது 2 மி.லி. திரவ சோப்பு, மாலை நேரத்தில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒரு முறை. 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போதோ செடி தாகத்தில் இருக்கும்போதோ அடித்தால் இலை பொசுங்கும். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கந்தகம் அடித்திருந்தால் இரண்டு வாரம் எண்ணெய்ப் பக்கமே போகக் கூடாது.

கத்தரி வெளுத்திருப்பதற்குச் சிவப்புச் சிலந்தி என்ற, இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சின்னப் பூச்சியும் காரணமாக இருக்கலாம். வறண்ட வெப்பம்தான் அதற்குக் கொண்டாட்டம். இலைமேல் ஊசி குத்தியதுபோல வெளிர்புள்ளிகள் நிறைந்திருந்தால், இலைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது சிலந்தி. எண்ணெய்க்கு முன் வெறும் தண்ணீரை முயலுங்கள்: மூன்று நாளுக்கு ஒரு முறை காலையில் இலையின் அடிப்பக்கத்தை வேகமான நீரால் கழுவினால் இரண்டு வாரத்தில் பெருமளவு குறைந்துவிடும். கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், சிலந்தி இன்னும் பெருகும்.

அடுத்த விதைப்புக்கு நாள் கணக்கு முக்கியம். விதை உறையில் 60 நாள் என்று போட்டிருந்தால், பகல் குறுகிவரும் பருவத்தில் இரண்டு வாரம் கூட்டிக்கொண்டு, உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெருமழை வரும் இடம் என்றால் அதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே செடி ஊன்றி நிற்க வேண்டும். சின்ன நாற்றுகளை அடைமழை அழுக்கிவிடும். முட்டைகோஸ், காலிஃபிளவர் நாற்றுகளைக் குழித்தட்டில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வளர்த்து, நாலைந்து வாரத்தில் நடுங்கள். சாலட் கீரை, பாலக் விதைகள் மண் வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் முளைக்க மறுக்கும். விதை கெட்டுவிட்டது என்று கடைக்காரரைத் திட்டும்முன், ஈரத்துணியில் சுற்றி இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்து, மாலையில் நிழலில் விதைத்துப் பாருங்கள். கேரட் முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதுவரை மேல்மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. விதைத்து ஈரச் சாக்கால் மூடி, தினமும் தூக்கிப் பார்த்து, முதல் முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். பழைய விதை இருந்தால் பத்து விதையை ஈரத்தாளில் சுற்றி முளைக்கவிட்டுப் பாருங்கள். ஐந்துக்குக் கீழ் முளைத்தால் இரட்டிப்பாகத் தூவுவதைவிடப் புதிது வாங்குவது சுலபம். சொந்தமாக விதை எடுக்க நினைத்தால் வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகத்தைத் தவிருங்கள், தாயைப்போல வராது.

வெட்டிய தழையும் சருகும் மட்கட்டும். காய்ந்த சருகு மூன்று கூடைக்குப் பச்சைத் தழையும் சமையலறைக் கழிவும் ஒரு கூடை என்ற அளவு பெரும்பாலும் சரிவரும். குவியலிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. நாற்றம் வந்தால் சருகைச் சேர்த்துக் கிளறுங்கள். ஒன்றுமே நடக்காவிட்டால் தண்ணீரும் பச்சையும் போதவில்லை. குவியல் ஒரு கன மீட்டரை எட்டாவிட்டால் உள்ளே 55 டிகிரி சூடு பிடிப்பது கடினம், அந்தச் சூடு இல்லாமல் களை விதையும் நோய்க்கிருமியும் சாகாது. ஆகவே சின்னக் குழியில் விதை வைத்த களை, முடிச்சு வேர், நோய்த் தழை எதையும் போட வேண்டாம். மிச்சச் சருகை மூடாக்காக 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும்.

வீட்டைச் சுற்றிய வேலைகளில் தள்ளிப்போடக் கூடாதவை கொசுவும் வடிகாலும்தான். தொட்டித் தட்டு, வாளி, மூடாத டிரம் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்ப்பதோடு உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை காய்ந்த சுவரில் பல மாதம் உயிரோடிருந்து, நனைந்ததும் பொரியும்; வெறுமே கொட்டிவிடுவது போதாது. கூரைத் தண்ணீர்க் கால்வாயில் சருகை அள்ளி, ஒரு வாளி ஊற்றி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் தரை 15 செ.மீ. இறங்கியிருந்தால் மழைநீர் அஸ்திவாரத்துக்கு வராது. சொட்டுநீர்க் குழாயின் கடைசி மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அடைத்த துளிப்பான்களை இரவு முழுக்க வினிகரில் ஊறப்போடுங்கள்.

மரத்தில் பட்ட கிளை, ஒடிந்த கிளை, கூரையில் உரசும் கிளை மட்டும் இப்போது. கனத்த கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பட்டை உரிந்துகொண்டு விழும். தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிவிட்டு, மிஞ்சிய கட்டையை அடியில் தடித்த வளையத்துக்கு வெளியே வெட்டுங்கள். வெட்டில் பெயின்ட் பூச வேண்டியதில்லை. புல்தரையை ஒரு வெட்டில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். பழுப்பேறிய புல்லைப் பிடித்து இழுத்தால் வராமல், அடி வெள்ளையாக இருந்தால் அது உறங்குகிறது, சாகவில்லை. கத்தரிக்கோலைத் தீட்டும்போது சாய்வான பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டையான பக்கத்தில் பிசிரை ஒரு இழுப்பில் எடுங்கள். இரு பக்கமும் தீட்டினால் அலகுகள் ஒட்டாமல் தண்டை நசுக்கும்.

மிச்சம் இருப்பது உங்கள் மிளகாய்ச் சுருட்டை. நுனி இலை ஓரம் மேல்நோக்கிப் படகுபோல மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி. இரண்டுக்கும் நுனியைக் கிள்ளி அழித்துவிட்டு மேலே சொன்ன எண்ணெய்க் கரைசலைத் தொடரலாம். இலை சிறுத்து, நரம்பு தடித்து, மஞ்சளாகி, செடியே குட்டையாக நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டியதுதான். இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும் என்பதால் வெறும் விவரிப்பை வைத்து எது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நுனி இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். அதுவரை அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள், அதைத் தொட்ட கையால் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.